குற்றம் பிள்ளையின் நாவில் இல்லை!



இது சினத்தோடு எழுதும் கட்டுரை. அந்தச் சினத்தில் ஒரு பங்கு என்மீதே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மாவட்ட நிலையிலான ஆங்கிலக் கதைசொல்லும் போட்டிக்கு எங்கள் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியை அழைத்துச் சென்றேன். ஒரு மீனவனையும் பேசும் மீனையும் பற்றிய கதை அது. ஒரு சொல்லைக்கூட மறக்காமல், கையசைவும் முகபாவமும் குறையாமல் சொன்னாள். ஆனால், மீனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஒவ்வொரு முறையும் 'பிஷ்' என்றே சொன்னாள். மூன்றாம் முறை சொன்னபோது அவையில் சிலர் சிரித்தனர். நீதிபதிகளுள் ஒருவரும் புன்னகைத்தார். மதிப்பெண் தாளின் அடியில் 'தாய்மொழித் தாக்கம் மிகுதி' என்னும் குறிப்பு இருந்தது.

அதன்பிறகு அப்பிள்ளை ஆங்கில வகுப்பில் வாய் திறப்பதையே நிறுத்திக்கொண்டாள். அடுத்த ஆண்டு அவளுடைய தங்கையை முதலாம் ஆண்டில் சேர்க்கும் காலம் வந்தது. தாயார் பள்ளிக்கு வந்தார். மிகுந்த தயக்கத்தோடு, "மன்னிச்சிடுங்க டீச்சர். தமிழ்ப்பள்ளியில போட்டா இங்கிலீசு வாயில நுழைய மாட்டேங்குது. சின்னவள வேற பள்ளியில பதிஞ்சிட்டோம்" என்றார்.

மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்து பிறக்கவேண்டிய ஒரே ஓர் ஒலி! அதை எப்படிப் பிறப்பிப்பது என்று காட்டிக் கொடுக்காததால் ஒரு பிள்ளையின் குரல் அடங்கியது. இன்னொரு பிள்ளை நம் பள்ளிக்கு வராமலேயே போனாள்.

குற்றவாளி யார்? பிள்ளையின் நாவா? அவளுடைய தாய்மொழியா? இல்லை, நான்தான். அவளுடைய கதைத்தாளில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மேல், பென்சிலால் 'பிஷ்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தவள் நானே.

1. சொல்லுக்கு மேல் எழுதும் தமிழெழுத்து

நம் பள்ளிகளில் இது நெடுநாள் வழக்கம். ஆங்கிலச் சொல்லுக்கு மேல் தமிழெழுத்தில் ஒலிப்பை எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் விரைவாகப் படித்துவிடுவார்கள் என்று நம்புகிறோம். உண்மைதான், விரைவாகப் படித்துவிடுவார்கள். எதைப் படிக்கிறார்கள்? நாம் எழுதிய தமிழெழுத்தைப் படிக்கிறார்கள். ஆங்கில ஒலி அங்கே பிறக்கவே இல்லை.

கால்நடை மருத்துவரைச் சுருக்கமாகக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், ஈரத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் 'வெட்' என்றே வரும். ஆனால், முன்னதில் மேற்பல் கீழுதட்டைத் தொடுகிறது. பின்னதில் பல்லுக்கு வேலையே இல்லை. இரண்டு உதடுகளும் குவிகின்றன. மின்விசிறியைக் குறிக்கும் சொல்லைப் 'பேன்' என்று எழுதினால் என்ன ஆகும்? விசிறி சமையல்பாத்திரமாகிவிடும். தமிழில் அது தலையில் ஊரும் உயிராகவும் ஆகிவிடும்!

இக்கட்டுரையிலும் ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில்தான் எழுதுகிறேன். அவை சொல்லை அடையாளம் காட்டும் பெயர்ப்பலகைகள் மட்டுமே. பெயர்ப்பலகையைப் பார்த்து வீட்டுக்குள் வாழமுடியாது.

அப்படியானால் ஆங்கில எழுத்தையே நம்பலாமா? அதுவும் கைகொடுக்காது. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. பிரித்தானியத் தர ஒலிப்பில் ஒலியன்கள் 44 என்பது வழக்கமான கணக்கு. மெய்யொலி 24, உயிரொலி 20. 'ஓ, யு, ஜி, எச்' என்னும் அதே நான்கு எழுத்துகள் 'ரஃப்', 'காஃப்', 'த்ரூ', 'தோ' என்னும் நான்கு சொற்களில் நான்கு விதமாக ஒலிக்கின்றன.

நம் நாட்டுப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஒரே உரோமன் எழுத்தை அவன் இரண்டு மொழிகளுக்குப் படிக்கிறான். 'ஏ, ஐ, ஆர்' என்னும் மூன்றெழுத்துச் சொல் மலாயில் 'ஆயேர்', பொருள் தண்ணீர். அதே மூன்றெழுத்து ஆங்கிலத்தில் 'ஏர்', பொருள் காற்று. காலையில் தண்ணீராக இருந்தது அடுத்த பாடவேளையில் காற்றாகிவிடுகிறது! ஏழு வயதுப் பிள்ளை திகைக்காமல் என்ன செய்யும்?

ஆகவே, எழுத்து வழிகாட்டாது. வாய்தான் வழிகாட்டும்.

2. மூச்சு, குரல், இடம், முயற்சி

ஆங்கில ஒலியாயினும் தமிழ் ஒலியாயினும் பிறக்கும் முறை ஒன்றே. நுரையீரலிலிருந்து மூச்சுக்காற்று மேலெழுகிறது. மிடற்றில் உள்ள குரல்நாண்களைக் கடக்கிறது. பின்னர் வாய்க்குள் நாவும் பல்லும் உதடும் அண்ணமும் அக்காற்றைத் தடுத்தோ, நெருக்கியோ, வழிமாற்றியோ வெவ்வேறு ஒலிகளாக்குகின்றன. சில ஒலிகளுக்குக் காற்று மூக்கின் வழியே செல்கிறது.

படித்தவுடனே இது எங்கேயோ கேட்டதாகத் தோன்றுகிறதா? தோன்றவேண்டும். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகப் பிறக்கிறது என்று அங்கே சொல்லப்படுகிறது. ககரத்துக்கு அடிநா, சகரத்துக்கு இடைநா, டகரத்துக்கு நுனிநா என்று உறுப்பும் இடமும் தனித்தனியே வகுக்கப்படுகின்றன. பகரத்துக்கு இரண்டு இதழ்களும் இயைய வேண்டும். வகரத்துக்குப் பல்லும் இதழும் இயைய வேண்டும்.

நாம் சிறுவயதில் மனனம் செய்த வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் மூன்றும் வெறும் பெயர்ப்பட்டியல் அல்ல. காற்று எப்படி வெளியேறுகிறது என்பதை ஒட்டிய பாகுபாடு அது. வல்லினத்தில் காற்று அடைபட்டுத் திறக்கிறது. மெல்லினத்தில் மூக்கு வழியே செல்கிறது. இடையினத்தில் தடை தளர்ந்து வழிகிறது. இன்றைய ஒலியியலார் 'ஒலிப்பு முயற்சி' என்று சொல்வது இதைத்தான்.

இதைப் படித்துத்தான் நாம் ஆசிரியரானோம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழ் வகுப்பில் பிறப்பியலைப் படித்தேன். ஆங்கில வகுப்பில் ஒலி அட்டவணையைப் படித்தேன். இரண்டிலும் தேர்வெழுதினேன். இரண்டும் ஒன்றைத்தான் பேசுகின்றன என்று அங்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை!

3. இருபத்து நான்கு மெய்களும் மூன்று கேள்விகளும்

ஆங்கில மெய்யொலி ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் இனங்காணலாம்.

முதற்கேள்வி: தொண்டை அதிர்கிறதா? குரல்நாண்கள் அதிர்ந்தால் அதிர்வொலி. அதிராவிட்டால் அதிர்விலா ஒலி. தொண்டையில் கைவைத்துப் பாம்பு சீறுவதுபோல் 'ஸ்ஸ்ஸ்' என்க. அதிர்வு இல்லை. நாவை அசைக்காமல் தேனீபோல் ரீங்கரித்துப் பாருங்கள். கை அதிரும். விலங்குக்காட்சி சாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலொலி அதுவே. அதைத்தான் நாம் 'ஜூ' என்று எழுதிக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

இரண்டாம் கேள்வி: எந்த இடம்? இரு உதடு, பல்லும் உதடும், நாவும் பல்லும், நாவும் பல்லீறும், பல்லீற்றின் பின்புறம், நடு அண்ணம், கடை அண்ணம், குரல்வளை. வெளியிலிருந்து உள்ளே செல்லும் படிகள் இவை.

மூன்றாம் கேள்வி: காற்று எப்படி வெளியேறுகிறது? முழுதும் அடைபட்டு வெடித்தால் அடைப்பொலி. அவை ஆறு. குறுகிய இடைவெளியில் உரசிச் சென்றால் உரசொலி. அவை ஒன்பது. அடைபட்டு, பின் உரசினால் அடைப்புரசொலி. அவை இரண்டு. மூக்கொலி மூன்று. நாவின் பக்கவாட்டில் வழியும் லகர ஒலி ஒன்று. ரகர, யகர ஒலிகளும் உதடு குவிந்து பிறக்கும் வகர ஒலியுமாக எஞ்சியவை மூன்று. கூட்டினால் 24.

இப்போது அந்த மாணவியின் 'பிஷ்' என்னும் ஒலிப்பை இக்கேள்விகளால் ஆராய்வோம். தொண்டை அதிரவில்லை. அது சரி. இடம் தவறு, இரண்டு உதடுகளையும் சேர்த்துவிட்டாள். முயற்சியும் தவறு, உரசவேண்டிய காற்றை அடைத்துவிட்டாள். அவ்வளவுதான் பிழை! 'தாய்மொழித் தாக்கம்' என்று எழுதிய நீதிபதி நோயின் பெயரைச் சொன்னார், மருந்தைச் சொல்லவில்லை. மருந்தோ நம் வாயிலேயே இருக்கிறது. வகரம் சொல்லும் இடத்தில் பல்லையும் உதட்டையும் வைக்கவேண்டும். குரலை நிறுத்திவிட்டு ஊதவேண்டும். வந்துவிடும்.

4. 'தமிழில் இல்லை' என்னும் பொய்

"தமிழில் எழுத்துகள் குறைவு. அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு ஆங்கில ஒலி வருவதில்லை." இதைச் சொல்லாத ஆசிரியர் அறை உண்டா? சொல்பவர்களிடம் நான் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் தம்பியைக் கூப்பிடுங்கள்!

'தம்பி' என்னும் சொல்லில் நாம் ஒலிப்பது 'பந்து' என்பதன் முதலில் வரும் பகரமா? இல்லை. அது தொண்டை அதிரும் ஒலி. ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்துக்குரிய ஒலியே அது. 'தங்கம்' என்பதில் ககரமும், 'நண்டு' என்பதில் டகரமும், 'பஞ்சு' என்பதில் சகரமும் அப்படியே அதிர்கின்றன. மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் அதிரும். சொல்லின் முதலில் வருவதும் இரட்டித்து வருவதும் அதிரா. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதை விதியாகவே வகுத்துக் காட்டினார். தமிழில் எழுத்து ஒன்று, ஒலி பல. இடம் நோக்கி ஒலி மாறுவதால் தனியெழுத்து தேவைப்படவில்லை. எழுத்தில் இல்லாததை வாயிலும் இல்லை என்பது அறியாமை.

சகரத்தையே பாருங்கள். 'பச்சை' என்பதில் அது அதிர்விலா அடைப்புரசொலி. 'பஞ்சு' என்பதில் அதிரும் அடைப்புரசொலி. 'காசு' என்பதில் உரசொலி. ஆங்கில அட்டவணையின் மூன்று கட்டங்களை ஒரே தமிழெழுத்து நிரப்புகிறது!

'அத்தை' என்று சொல்லிப் பாருங்கள். நா பல்லின்மீது அழுந்தி அடைக்கிறது. 'அது' என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். நா பல்லை நெருங்குகிறது. ஆனால், முழுதும் அடைப்பதில்லை. காற்று கசிகிறது. அந்த மென்மையான தகரம்தான், 'இது' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் முதலொலிக்கு மிக நெருங்கிய உறவு. அதைச் சற்று முன்தள்ளி, தொண்டை அதிர்வை நிறுத்தினால், 'சிந்தி' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் முதலொலி கிடைக்கும். நம் பிள்ளைகள் அங்கே 'திங்க்' என்று அழுத்தமாகச் சொல்லும்போது இடம் ஏறக்குறையச் சரியாகவே இருக்கிறது. முயற்சிதான் மாறியிருக்கிறது. அடைக்காமல் கசியவிடு என்று சொன்னால் போதும். "தப்பு, மறுபடி சொல்" என்று பத்து முறை சொல்வதால் என்ன பயன்?

ஆங்கில 'டீ', 'டென்' போன்ற சொற்களின் முதலொலி நம் டகரம் அன்று. டகரத்துக்கு நா மேல்நோக்கி வளைகிறது. ஆங்கில ஒலிக்கு நுனிநா வளையாமல் மேற்பல்லின் பின்னுள்ள ஈற்றைத் தொடுகிறது. தமிழ் மரபில் அந்த இடத்துக்கு அருகே நின்ற வல்லெழுத்து றகரம். நாம் 'டொரன்டோ' என்று எழுதும் கனடா நகரை ஈழத்தமிழர் 'ரொறன்ரோ' என்று எழுதுவர். அதைக் கண்டு சிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பதற்கு முன் நா எங்கே தொடுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். வளைநா ஒலி அங்கே பொருந்தாது என்பதை அவர்களின் செவி கண்டுகொண்டது.

இன்னொன்று. ஊசியைக் குறிக்கும் 'பின்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஆங்கிலேயர் சொல்லும்போது, வாய்முன் பிடித்த தாள் துள்ளும். சுழல்வதைக் குறிக்கும் 'ஸ்பின்' என்னும் சொல்லில் தாள் அசைவது அரிது. சொல்முதலில் வரும் அதிர்விலா அடைப்பொலிகளை அவர்கள் மூச்சுவிட்டு ஒலிப்பர். நம் பகரத்தில் அந்த மூச்சு இல்லை. அதனால்தான் நாம் 'ஊசி' என்கிறோம், அவர்களுக்குக் 'குப்பைத்தொட்டி' என்று கேட்கிறது! இதை எந்தத் தமிழெழுத்தால் எழுதிக் காட்டுவீர்கள்? ஒரு தாள்துண்டு காட்டிவிடும்.

சொல்லின் ஈற்றுக்கு வருவோம். 'புக்கு', 'கப்பு', 'பேக்கு' என்று பிள்ளைகள் உகரம் சேர்க்கிறார்கள். ஏன்? தமிழில் வல்லின மெய் சொல்லுக்கு ஈறாவதில்லை. இலக்கணம் சொல்லும் விதியைப் பிள்ளையின் நா தானாகவே கடைப்பிடிக்கிறது. 'பாட்டு', 'காசு' என்பவற்றில் வரும் குற்றியலுகரத்தை அது ஆங்கிலச் சொல்லுக்கும் கொண்டுபோகிறது. அது சோம்பேறித்தனம் அன்று, ஒழுங்கு! அந்த ஒழுங்கைப் பிள்ளைக்கு விளக்கி, "ஆங்கிலத்தில் உதட்டை மூடியபடியே நிறுத்தலாம்" என்று காட்டினால் புரிந்துகொள்ளும்.

5. உயிரொலிகள்

உயிரொலிக்குத் தொடும் இடம் இல்லை. அங்கே கேட்கவேண்டியவை வேறு. நா உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா? முன்னா எழுகிறதா, பின்னா எழுகிறதா? உதடு குவிகிறதா, விரிகிறதா? பிறப்பியலும் வாய் திறத்தலை அகரத்துக்கும், இதழ் குவிதலை உகர ஒகரங்களுக்கும் உரியதாக்கி உயிர்களைப் பிரிக்கிறது.

கப்பலுக்கு 'ஷிப்', செம்மறியாட்டுக்கு 'ஷீப்' என்று எழுதிக் கொடுத்து, குறில் நெடில் வேறுபாடு என்கிறோம். அது பாதி உண்மை. கப்பலில் நா சற்றுத் தாழ்ந்து தளர்கிறது. ஆட்டில் உயர்ந்து இறுகுகிறது. அளவு மட்டுமன்று, நாவின் நிலையும் மாறுகிறது. ஒரு மனிதனுக்கும் பல மனிதருக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை நம் பிள்ளைகள் ஒரே மாதிரி 'மென்' என்கிறார்கள். கண்ணாடியைக் கையில் கொடுத்து, "ஒருவனுக்கு வாயை அகலத் திற, பலருக்குக் குறைத்துத் திற" என்று சொல்லுங்கள். வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் உயிரொலி எது தெரியுமா? நா எங்கும் எழாமல் நடுவில் கிடக்க, வாய் தளர்ந்து பிறக்கும் மங்கல் ஒலி. ஆசிரியரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் வருவது அதுதான். அதைத் தமிழெழுத்தில் எழுத இயலாது. ஆனால், மலேசியப் பிள்ளை ஒவ்வொன்றும் அதை நாள்தோறும் சொல்கிறது! மலாயில் தாயைக் குறிக்கும் 'எமாக்', ஆறு என்னும் எண்ணைக் குறிக்கும் 'எனாம்' ஆகியவற்றின் முதலொலி அதுவே. மலாய் ஆசிரியர்கள் அதை 'எ பெப்பெட்' என்பர். 'பெராங்' என்னும் ஒரே எழுத்துக்கூட்டலை மங்கல் எகரத்தோடு சொன்னால் போர். தெளிந்த எகரத்தோடு சொன்னால் பழுப்பு நிறம். தேசிய மொழிப் பாடத்தில் பிள்ளை வென்றெடுத்த ஒலியை ஆங்கிலப் பாடத்தில் நாம் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. மூன்று மொழி படிப்பது சுமை என்று புலம்புகிறோம். மூன்று மொழி ஒலிகள் ஒரே வாயில் இருப்பது செல்வம் என்று ஏன் எண்ணக்கூடாது?

6. மறுப்புகளும் மறுமொழியும்

"ஒலியியல் பல்கலைக்கழகப் பாடம். தொடக்கப்பள்ளிக்கு எதற்கு?" என்று கேட்பார்கள். உலகெங்கும் பயன்படும் அனைத்துலக ஒலியெழுத்தை உருவாக்கிய கழகம் 1886-இல் பாரிசில் தோன்றியது. தொடங்கியவர்கள் பள்ளியில் மொழி கற்பித்த ஆசிரியர்கள். அவர்களை ஒன்று சேர்த்தவர் பவுல் பாசி. அக்காலத்தில் அதன் பெயரே 'ஒலியியல் ஆசிரியர் கழகம்' என்பதுதான். வகுப்பறையில் பிறந்த துறை இது. அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு நாம் கைகழுவிக்கொண்டோம். நானும் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கலைச்சொல்லைக் கற்பிக்கச் சொல்லவில்லை. 'பல்லிதழ் உரசொலி' என்னும் பெயர் ஆசிரியருக்கு. 'பல்லை உதட்டில் வைத்து ஊது' என்பது பிள்ளைக்கு.

"2011-இல் முதலாம் ஆண்டில் அறிமுகமான கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்திலேயே எழுத்தொலி முறை வந்துவிட்டதே?" என்பர். வந்தது. வரவேற்கிறேன். ஆனால், எழுத்தொலி முறை எதைச் செய்கிறது? பிள்ளையின் வாயில் முன்பே இருக்கும் ஒலியை எழுத்தோடு இணைக்கிறது. இங்கிலாந்துப் பிள்ளை ஒலிகளோடு பள்ளிக்கு வருகிறது. அதற்கு எழுத்து மட்டும் தேவை. நம் பிள்ளைக்குச் சில ஒலிகளே புதியவை. இல்லாத ஒலியை எந்த எழுத்தோடு இணைப்பது? முதலில் ஒலியைப் பிறப்பிக்க வேண்டும். பிறகுதான் இணைக்கமுடியும்.

"நாம் ஏன் ஆங்கிலேயரைப்போல் பேசவேண்டும்? மலேசியரைப்போல் பேசினால் போதாதா?" இது நல்ல கேள்வி. போதும் என்பதே என் விடையும். இலண்டன் வாயை நான் கேட்கவில்லை. பொருள் மாறிவிடும் இடங்களை மட்டுமே கேட்கிறேன். பல நாட்டவர் ஆங்கிலத்தில் உரையாடும்போது எங்கே புரிதல் உடைகிறது என்று ஆராய்ந்து, ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் ஒரு நூல் வெளியிட்டார். 'திங்க்' போன்ற சொற்களின் பல்லுரசொலியை மாற்றி ஒலித்தால் பெரிதாகக் கெடுதல் இல்லை என்கிறார். ஆனால், சொல்முதல் அடைப்பொலியின் மூச்சு, உயிரொலியின் நீட்டம், சொல்முதலில் அடுத்தடுத்து வரும் மெய்களைச் சிதைக்காமை ஆகியவை தேவை என்கிறார். நம் போட்டிகளிலோ பல்லுரசொலிக்கு மதிப்பெண் வெட்டுகிறோம். பொருள் கெடும் இடத்தைக் கவனிப்பதில்லை. எதை முதலில் கற்பிக்கவேண்டும் என்னும் வரிசையே நம்மிடம் இல்லை!

இறுதியாக, என் தமிழன்பர்களுக்கும் ஒரு சொல். "எல்லாம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது" என்று மேடையில் கைதட்டு வாங்குவோர் உண்டு. இல்லை, அன்பர்களே! ஆங்கில உரசொலிகளைத் தொல்காப்பியர் வகுக்கவில்லை. அதிர்வு, அதிர்வின்மை என்று வல்லினத்தைப் பிரிக்கவும் இல்லை. அவர் வகுத்தது தமிழெழுத்தின் பிறப்பை. அவருக்குத் தேவைப்படாததை அவர் தலையில் கட்டுவது அவருக்குப் பெருமை சேர்க்காது. அவர் நமக்குத் தந்தது ஒரு முறை: செவியை நம்பி நிற்காதே, உறுப்பைப் பார், இடத்தைச் சொல், தொழிலைச் சொல். அம்முறையை ஆங்கில வகுப்புக்கும் எடுத்துச் செல்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. பொன்னாடை போர்த்திப் பேழைக்குள் வைப்பது மரியாதையன்று.

7. என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. மூன்று பொருள்கள் போதும்.

கைக்கண்ணாடி: உதடும் பல்லும் எங்கே என்று பிள்ளை தானே பார்க்கும். இரண்டு பேருக்கு ஒன்று போதும். சில வெள்ளிதான் செலவு.

தாள்துண்டு: மூச்சு எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று காட்டும்.

பிள்ளையின் சொந்தக் கை: தொண்டையில் வைத்தால் அதிர்வு தெரியும். இதற்குச் செலவே இல்லை!

ஒவ்வோர் ஆங்கிலப் பாடத்தின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம். வாரத்துக்கு ஓர் ஒலி. முதலில் பல்லுதட்டு ஒலிகள், பிறகு சொல்முதல் மூச்சு, பிறகு சொல்லீற்று மெய், பிறகு உயிரொலி வேறுபாடுகள். பல்லுரசொலி கடைசியில் வரட்டும். சொல்லுக்கு மேல் தமிழெழுத்து எழுதும் பென்சிலை மட்டும் அன்றே கீழே வையுங்கள். "எழுத்துத் தேர்வுக்கே நேரம் போதவில்லை" என்று முன்பு சொன்னோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. வகுப்பறை மதிப்பீட்டில் கேட்டலும் பேச்சும் இடம்பெற்றுள்ளன. இனி எந்தச் சாக்கு?

அந்த மாணவி ஐந்தாம் ஆண்டுக்கு வந்தபோது, ஒரு நாள் ஓய்வு நேரத்தில் அவளை அழைத்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். "வகரம் சொல்லம்மா" என்றேன். சொன்னாள். "பல் எங்கே இருக்கிறது?" என்றேன். பார்த்தாள். "அங்கேயே வைத்துக்கொள். சத்தம் போடாமல் காற்றை மட்டும் விடு" என்றேன். விட்டாள். கண்ணாடியில் ஆவி படிந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மீனின் ஆங்கிலப் பெயரைச் சொல்லச் சொன்னேன். சரியாகச் சொன்னாள். பிறகு, "ஏன் டீச்சர் இத போட்டிக்கு முன்னால சொல்லல?" என்று கேட்டாள்.

என்னிடம் விடையில்லை. அவளுடைய தங்கை இன்றும் வேறு பள்ளியில்தான் படிக்கிறாள்.

உங்கள் வகுப்பில் அப்படியொரு பிள்ளை இருந்தால், அக்கேள்வி வருவதற்கு முன்பே கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை